ஆறாத புண்: சிகிச்சையில் மருத்துவப் பணியாளரின் பங்கு

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருத்துவ அதிகாரியின் அறைக்கு முன்னால் நிற்கும் வரிசை எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதே கட்டடத்தின் பின்கோடியில், ஒரு மேசையும் ஒரு முக்காலியும் மட்டுமே உள்ள கட்டுக் கட்டும் அறைக்கு முன்னால் நிற்கும் சிறிய வரிசை அவ்வளவாகக் கவனத்திற்கு வருவதில்லை. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் வருபவர்கள் சில நாட்களில் குணமடைந்து போய்விடுவர். கட்டு அறையின் முன் நிற்பவர்களிலோ சிலர் மாதக் கணக்கில், ஏன், ஆண்டுக் கணக்கில்கூட அதே காலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களை மருத்துவர் ஒருமுறையோ இருமுறையோ பார்த்திருப்பார். ஒவ்வொரு முறையும் பார்ப்பவர் செவிலியரோ, டிரஸ்ஸர் என்ற பெயரில் பணிபுரியும் ஊழியரோதான். அப்புண் ஆறுவதும், எலும்புவரை சென்று காலைத் துண்டிக்க நேர்வதும் பெரும்பாலும் இப்பணியாளர் எதைக் கவனிக்கிறார், எதைக் கவனியாது விடுகிறார் என்பதைப் பொறுத்தவை.

புண்ணைக் கழுவிக் கட்டுவது என்பது எவரும் செய்யக்கூடிய எளிய வேலை என்ற எண்ணம் நிர்வாகத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது. புதிதாக வந்தவருக்கோ, வேறு பணிக்குத் தேவைப்படாதவருக்கோ அந்த அறை ஒதுக்கப்படுவது வழக்கம். இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு நம் நாட்டின் தொழுநோய்ப் பணியின் வரலாறே சான்றாகும். அவ்வரலாற்றில் கற்ற பாடம் இன்று நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுகிறது.

புண் ஆறும் முறை

உடலில் ஏற்படும் காயம் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் ஆறுகிறது. முதலில் குருதி உறைகிறது. அடுத்த சில நாட்களில் வெள்ளணுக்கள் திரண்டு வந்து, அழுக்கையும் கிருமிகளையும் இறந்த திசுக்களையும் அகற்றுகின்றன. வீக்கமும் வெப்பமும் இக்கட்டத்தின் அடையாளங்கள். பின்னர் சிவந்த, மணிமணியான புதுத்தசை அடியிலிருந்து எழும்புகிறது. விளிம்பிலிருந்து தோல் மெல்லப் படர்ந்து மூடுகிறது. இறுதியாக வடு உறுதிப்படுகிறது. இதற்கு ஓராண்டுகூட ஆகலாம். அப்போதும் பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மேல் அது திரும்பப் பெறுவதில்லை.

இந்த வரிசை ஏதோ ஓரிடத்தில் தடைப்பட்டு நிற்பதே ஆறாத புண். தடைக்குரிய காரணங்கள் பல: குருதியோட்டக் குறைவு, கிருமித் தொற்று, உள்ளே தங்கிய முள் அல்லது இறந்த எலும்பு, சத்துணவின்மை, கட்டுப்படாத சர்க்கரை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம். மருந்து எதுவும் புண்ணை ஆற்றுவதில்லை. ஆறுவது உடலின் வேலை. தடையை இனம்கண்டு நீக்குவதே சிகிச்சை. இதைப் புரிந்துகொண்ட பணியாளர், ‘எந்தக் களிம்பு தடவலாம்?’ என்று கேட்பதற்கு முன் ‘இது ஏன் ஆறவில்லை?’ என்று கேட்பார்.

தொழுநோய் கற்பித்த பாடம்

தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அவர்களுடைய தசையே கெட்டது, அது ஆறாது என்று மருத்துவர்களும் கருதினர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற பால் பிராண்ட் இக்கருத்தை ஏற்கவில்லை. நோயாளிகளின் கைகளில் அவர் செய்த அறுவைக் காயங்கள் மற்றவர்களுடையதைப் போலவே ஆறின. அவ்வாறாயின் பாதப் புண்கள் மட்டும் ஏன் ஆறுவதில்லை?

விடை நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையில் இருந்தது. நரம்பு பாதிக்கப்பட்டதால் அவர்களுக்கு வலி இல்லை. வலி இல்லாதவர் காலில் ஆணி குத்தியிருந்தாலும் நடப்பார். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார். பூட்டு திறக்கவில்லையென்றால் சதை கிழியும்வரை சாவியைத் திருகுவார். இரவில் விரலின் ஒரு பகுதி காணாமற்போன நோயாளிகளைக் கண்காணித்தபோது, உறங்குபவரின் உணர்விழந்த விரலை எலி கடிப்பது தெரியவந்தது என்று பிராண்ட் எழுதியுள்ளார். அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. மருத்துவ வரலாற்றில் பூனை ஒரு சிகிச்சைச் சாதனமானது இதுபோன்ற ஓரிரு இடங்களில் மட்டுமே இருக்கலாம்.

இவ்விளக்கத்திலிருந்து சிகிச்சை முறையும் மாறியது. நலமான பாதத்தில் வலி தோன்றியதும் மனிதர் தம்மையறியாமல் நடையை மாற்றிக்கொள்கிறார்; எடை வேறிடத்துக்கு மாறுகிறது. உணர்விழந்த பாதத்தில் அதே எலும்புமுனைக்கு நேரே ஆயிரக்கணக்கான முறை அழுத்தம் விழுகிறது. முதலில் அவ்விடம் சூடேறுகிறது, பிறகு தோல் தடிக்கிறது, அதன்கீழ் கொப்புளம், பின்னர் புண். எனவே பாதத்தின் அடியில் தோன்றும் புண்ணுக்கு முதன்மையான சிகிச்சை, எடை அதன்மீது விழாமல் செய்வதே. நடக்கும்போதே புண் ஆறும்படி, கால் முழுவதும் ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டுப் போடும் முறையை 1930-களில் இந்தியாவில் ஜோசப் கான் என்ற மருத்துவர் தொழுநோயாளிகளுக்குக் கையாண்டார். அம்முறை வேலூரிலும், அதன் அருகே கரிகிரியில் 1955-இல் தோன்றிய ஆய்வு மருத்துவமனையிலும் செம்மைப்பட்டது. எடையைப் பாதம் முழுவதும் பரப்பும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பும் அச்சூழலில் உருவானதே. 1960-களில் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கிருந்துதான் மாவுக்கட்டு முறை அந்நாட்டு நீரிழிவு நோயாளிகளுக்கும் பரவியது. இந்தியத் தொழுநோய் விடுதிகளில் பிறந்த ஒரு முறை இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதச் சிகிச்சையின் தலையாய உத்திகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டுள்ளது.

இப்பணியை நாடெங்கும் செய்தவர்கள் அறுவை மருத்துவர்கள் அல்லர். 1955-இல் தொடங்கிய தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும், பல்மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தபின் 1983-இல் உருப்பெற்ற ஒழிப்புத் திட்டத்திலும் மருத்துவம் சாராப் பணியாளர்களும் உடலியக்கப் பயிற்சியாளர்களும் காலணி தைப்போரும் இதனைச் செய்தனர். பந்துமுனைப் பேனாவால் பாதத்தில் மெல்லத் தொட்டு, கண்ணை மூடிய நோயாளி தொட்ட இடத்தைச் சுட்டிக்காட்டுகிறாரா என்று பார்ப்பது, தடித்த தோலைச் சுரண்டுவது, பாதத்தைக் கைப்புறத்தால் தடவிச் சூடான இடத்தைக் கண்டறிவது ஆகியவை அவர்களின் அன்றாடத் திறன்கள். நாட்டளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையைத் தொழுநோய் 2005 டிசம்பரில் எட்டியது. இதற்கு முன்பிருந்தே இத்திட்டம் பொதுச் சுகாதாரப் பணியுடன் படிப்படியாக இணைக்கப்பட்டு வந்தது. இணைப்பு தேவையானதே. ஆயினும், தனித்துறையாக இருந்தபோது சேர்ந்த திறன் அப்பணியாளர்கள் ஓய்வு பெற்றதுடன் கரையத் தொடங்கியது. பல்மருந்து கிருமியைக் கொல்கிறது. இழந்த உணர்வை அது மீட்டுத் தருவதில்லை. குணமானோர் பட்டியலில் உள்ள பலருக்கும் பாதுகாக்க வேண்டிய பாதங்கள் வாழ்நாள் முழுவதும் இருந்துவருகின்றன.

நீரிழிவுப் பாதம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் நீரிழிவு உள்ளோர் தொகை 10 கோடிக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. இவர்களுள் பலருக்குக் காலப்போக்கில் பாத நரம்புகள் மரத்துப்போகின்றன. ‘காலில் செருப்பு கழன்றதே தெரியவில்லை’ என்று நோயாளி கூறுவது வேடிக்கையான செய்தி அன்று. அது ஓர் எச்சரிக்கை. கோடையில் கோயிற் பிராகாரத்தின் சுடுகல்லில் வெறுங்காலுடன் வலம்வந்து, வீடு திரும்பியபின் இரு பாதங்களிலும் கொப்புளங்களைக் காண்பவர்கள் உண்டு. வெந்நீரில் காலை வைத்து வெந்துபோனவர்களும் உண்டு.

இங்கும் வலியின்மையே முதல் எதிரி. நோயாளி அதனை நற்செய்தியாகக் கொள்கிறார்: ‘புண் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் வலியே இல்லை.’ பணியாளர் அதனை நேர்மாறாகக் கொள்ள வேண்டும். வலிக்க வேண்டிய அளவுள்ள புண் வலிக்காவிட்டால் நரம்பு போய்விட்டது என்பது பொருள்.

ஆனால் இரு நோய்களின் பாதங்களும் ஒன்றல்ல. நீரிழிவில் நரம்புடன் குருதிக் குழாய்களும் சுருங்கியிருக்கக்கூடும். பாதத்தின் மேற்புறத்திலும், உட்கணுக்காலுக்குப் பின்னும் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்பது இதனால் கட்டாயமாகிறது. துடிப்பு கிடைக்காத, குளிர்ந்த பாதத்திலும் தொற்று முற்றிய பாதத்திலும் மாவுக்கட்டுப் போடுவது கேட்டையே விளைவிக்கும்; அவர்களை உடனே உயர்நிலை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மற்றொரு வேறுபாடும் உண்டு. வியர்வையின்றி வறண்டு வெடித்த தொழுநோய்ப் பாதத்தைத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் பூசுமாறு நோயாளிக்குக் கற்பிக்கப்படுகிறது. நீரிழிவு நோயாளிக்கோ பாதத்தை ஊறவைக்க வேண்டாம், கழுவி விரலிடுக்குகளை நன்கு துடைக்கவும், தடித்த தோலைத் தாமே அறுக்க வேண்டாம் என்பதே அறிவுரை. ஒரு நோய்க்குக் கற்ற பாடத்தை அப்படியே மற்றதற்குச் சொல்லிவிடாமல் காப்பது, காரணம் அறிந்த பயிற்சியே.

உணர்வைச் சோதிக்கப் பத்து கிராம் விசையில் வளையும் நைலான் இழை போதுமானது. அதுவும் இல்லாதபோது, கண்மூடிய நோயாளியின் கால்விரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் மெல்லத் தொட்டு, உணர்கிறாரா எனக் கேட்பதே பயனுள்ள சோதனையாகும். இதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. ஆகும் நேரம் இரண்டு நிமிடம். சர்க்கரை மாத்திரை வாங்க மாதந்தோறும் வருபவரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்க்காத நிலையங்களில்தான் புண் முற்றிய பிறகு பாதம் முதன்முறையாகப் பார்க்கப்படுகிறது.

கட்டு அறையில் நடக்க வேண்டியவை

கை கழுவுவதிலிருந்து தொடங்க வேண்டும். வியன்னா மகப்பேற்று மனையில் செம்மல்வைஸ் 1847-இல் மெய்ப்பித்த உண்மை இது. ஆயினும் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையே கை கழுவப்படாத அறைகள் இன்னும் உள்ளன. குழாயில் நீர் வராத நிலையத்தில் பணியாளரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அது பொறுப்பு அதிகாரி தீர்க்க வேண்டிய குறை.

பழைய கட்டை இழுத்துப் பிய்த்தெடுக்கும் வழக்கம் இன்றும் காணப்படுகிறது. காய்ந்து ஒட்டிய துணியுடன், இரண்டு நாட்களாக அரும்பாடுபட்டு வளர்ந்த மெல்லிய புதுத்தோலும் உரிந்து வந்துவிடும். உப்புநீரால் நனைத்து, காத்திருந்து, பின் எடுப்பதே முறை. புண்ணைக் கழுவவும் உப்புநீரே சிறந்தது: ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துப் பொங்குவதைக் கண்டு நோயாளியும் பணியாளரும் மனநிறைவு கொள்கின்றனர். எனினும் அதுவும் யூசால் போன்ற காரக் கரைசல்களும் கிருமியுடன் சேர்த்து வளரும் திசுவையும் எரிக்கின்றன. சுத்தமான, சிவந்து வளரும் புண்ணில் இவற்றுக்கு இடமில்லை.

புண்ணைத் திறந்து காயவிட வேண்டும் என்பது மற்றொரு பழைய நம்பிக்கை. 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் நடத்திய சோதனையில், படலத்தால் மூடி ஈரப்பதம் காக்கப்பட்ட காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் படர்வதைக் கண்டார். விலையுயர்ந்த கட்டுப்பொருள்கள் பல இக்கொள்கையின் மேல் எழுந்தவை. ஏழை நாட்டில் அவை இல்லாமலும் வழியுண்டு. தீப்புண்களுக்கு வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலையும், கிருமி நீக்கிய வாழையிலையையும் மும்பை மருத்துவர்கள் வெற்றியுடன் பயன்படுத்தி வெளியிட்டுள்ளனர். ஒட்டாத, ஈரம் காக்கும், மலிவான மேலுறை என்பதே இவற்றின் தகுதி. ஆனால் கருகிய, உலர்ந்த கால்விரலை ஈரக்கட்டால் மூடக்கூடாது. குருதியோட்டத்தை மருத்துவர் மதிப்பிடும்வரை அது உலர்ந்தே இருக்க வேண்டும்.

எல்லாக் காயத்துக்கும் முதற்செயல் கட்டுப் போடுவது அன்று. நாய்க்கடிக்கு முதற்செயல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுவதே. அதைக் கழுவாமல் கட்டி அனுப்புவது உயிருக்கே ஆபத்து. மண்பட்ட காயங்களுக்கு 2019 முதல் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் டி.டி. எனப்படும் ஏற்புவலி, தொண்டை அடைப்பான் இரண்டுக்குமான தடுப்பூசி பயன்படுகிறது.

தொற்றை அறிவதில் புத்தகங்கள் ‘சிவப்பு’ என்ற சொல்லையே பெரிதும் நம்புகின்றன. கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. கைப்புறத்தால் வெப்பத்தைத் தொட்டறிவதும், வீக்கத்தை மறுகாலுடன் ஒப்பிடுவதும் இங்கு நம்பகமான வழிகள். விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பரவிய வெப்பமோ வீக்கமோ, காய்ச்சல், துர்நாற்றம், அழுத்தினால் நறநறக்கும் தோல், கிருமி நீக்கிய கம்பியை மெல்ல உட்செலுத்தும்போது எலும்பில் தட்டும் ஓசை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். மறுபுறம், தொற்றின் அடையாளம் எதுவுமற்ற புண்ணுக்கு வாரக் கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை கொடுப்பது வீண். மருந்துக்கு அடங்காத கிருமிகளை அது வளர்க்கிறது.

அளவெடுத்தல்

புண் ‘பரவாயில்லை’ என்று எழுதுவது பதிவாகாது. நீளமும் அகலமும் அளவுகோலால் அளந்து, வாரம் ஒருமுறை எழுத வேண்டும். சான்றாக, முதல் வாரத்தில் 4 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ள புண்ணின் பெருக்கம் 12. நான்காம் வாரத்தில் அது 3-க்கு 2.5 எனில் பெருக்கம் 7.5. பார்வைக்கு நல்ல முன்னேற்றமாகத் தோன்றும் இது 37.5 விழுக்காட்டுக் குறைவே. நீரிழிவுப் பாதப் புண் நான்கு வாரத்தில் பாதியளவு சுருங்காவிட்டால், பன்னிரண்டு வாரத்தில் அது ஆறும் வாய்ப்புக் குறைவு என்பது நிறுவப்பட்ட செய்தி. ஆகவே இந்நோயாளிக்கு அதே கட்டை ஐந்தாம் வாரமும் தொடர்வது தவறு. அழுத்தம் விழுகிறதா, குருதி வருகிறதா, எலும்பில் தொற்று உள்ளதா, சர்க்கரை எவ்வளவு என்று மறுபடி தொடக்கத்திலிருந்து தேட வேண்டும். ஓர் அளவுகோலும் ஒரு பென்சிலும் செய்யும் இவ்வேலையை வேறெந்தக் கருவியும் இவ்வளவு மலிவாகச் செய்யாது.

ஓய்வு என்னும் சிக்கல்

‘காலை ஊன்றாதீர்கள்’ என்று சொல்வது எளிது. சொல்லப்படுபவர் நடவு நடும் பெண்ணாகவோ, சுமை தூக்குபவராகவோ, ரிக்‌ஷா மிதிப்பவராகவோ இருக்கும்போது அச்சொல் ஆறு வாரக் கூலியை விட்டுவிடுங்கள் என்றே பொருள்படுகிறது. ஊழியர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு பெற்ற ஆலைத் தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 விழுக்காடு உதவித்தொகையாகக் கிடைக்கும். வயலில் உழைப்பவருக்கு அத்தகைய காப்பில்லை. அவர் அறிவுரையை மீறுவது அறியாமையால் அன்று, கணக்குப் பார்த்தே மீறுகிறார். ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று சீட்டில் எழுதிவிடுவது பணியாளரின் கடமையை முடித்துவிடுவதில்லை.

இங்குதான் பணியாளரின் பேச்சும் ஊர் அறிவும் மருந்தைவிட மிகுந்த பயன் தருகின்றன. எத்தகைய வேலை, எவ்வளவு தொலைவு நடக்கிறார், உட்கார்ந்து செய்யும் வேலை ஏதேனும் உண்டா, வீட்டில் தண்ணீர் சுமப்பவர் யார் என்று விசாரித்தால், முழு ஓய்வு இயலாதவருக்கும் நடையைப் பாதியாகக் குறைக்க வழி பிறக்கும். நடந்துகொண்டே ஆற்றும் மாவுக்கட்டின் அருமையும் இதிலேயே அடங்கியுள்ளது. கழற்ற முடியாத கட்டு, நோயாளி மறந்தாலும் மீறினாலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதைப் போடத் தேர்ந்த கை வேண்டும். தவறாகப் போட்ட மாவுக்கட்டு உணர்விழந்த காலில் புதிய புண்ணை உண்டாக்கும், அதையும் நோயாளி உணரமாட்டார். தேர்ந்த கை இல்லாத இடத்தில், புண்ணைச் சுற்றி ஒட்டும் தடித்த கம்பளி அட்டையும் ஊன்றுகோலும் ஓரளவு உதவும்.

வீட்டுப் படுக்கையில்

நிலையத்துக்கு வரவே இயலாதவர்களும் உண்டு. முதுகுத்தண்டு முறிந்தோர், பக்கவாதம் கண்டோர், புற்றுநோய் முற்றியோர் ஆகியோரின் படுக்கைப் புண்கள் வீட்டின் உள்ளறையில் யாரும் பாராமல் வளர்கின்றன. கேரள அரசு 2008-இல் வலி நிவாரண, ஆதரவு மருத்துவக் கொள்கையை வெளியிட்டு, ஊராட்சிகளின் பொறுப்பில் செவிலியர் வீடுதோறும் செல்லும் ஏற்பாட்டை வளர்த்தது. அச்செவிலியர் தாமே கட்டுப் போடுவதைக் காட்டிலும், மனைவிக்கோ மகளுக்கோ கற்றுக்கொடுப்பதே பெரும்பணி: இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், குதிகாலையும் இடுப்பெலும்பையும் நாள்தோறும் பார்த்தல், பழைய பருத்தித் துணியைத் துவைத்துக் கொதிக்கவைத்து மடித்து வைத்தல். அழுகி நாற்றமெடுக்கும் புற்றுப் புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் நாற்றம் அடங்குகிறது. அப்புண் ஆறாது. ஆனால் அருகில் வரத் தயங்கிய பேரக்குழந்தை மறுபடி கட்டிலருகே வந்து அமர்கிறது. புண் சிகிச்சையின் நோக்கம் எப்போதும் ஆற்றுவதே என்று பாடநூல்கள் கூறுவது முழு உண்மையன்று என்பதை இச்செவிலியர் அறிவர். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் ஆதரவு மருத்துவச் செவிலியர் இல்லங்களுக்குச் செல்கின்றனர்.

பதவியும் பதிவேடும்

சமுதாய சுகாதார நிலையங்களுக்கான இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநிலைகள் ஒரு டிரஸ்ஸர் பணியிடத்தைக் குறிப்பிட்டு, அதற்குரிய தகுதியாகச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அல்லது செயின்ட் ஜான் ஆம்புலன்சின் சான்றிதழைக் கூறின. அச்சான்றிதழ் முதலுதவிக்கு உரியது. விபத்தில் குருதியை நிறுத்தக் கற்றவரிடம் நான்கு மாதப் புண் ஏன் ஆறவில்லை என்று கண்டறியும் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. செவிலியர் பட்டயப் படிப்பில் புண் பராமரிப்பு இடம்பெறுகிறது எனினும், வார்டில் அது அறுவைக் காயத்தைச் சுற்றியே அமைகிறது. பாதத்தின் அழுத்தம், காலணி, நாடித்துடிப்பு ஆகியவை அங்கு பின்னுக்குப் போய்விடுகின்றன. 2018 முதல் துணை மையங்களில் அமர்த்தப்பட்டு வரும் சமுதாய சுகாதார அலுவலர்கள் நீரிழிவைக் கண்டறிந்து கவனிக்கும் பொறுப்பில் உள்ளனர். அவர்களுடைய ஆறு மாதப் பயிற்சியின் ஒரு பகுதியை அருகிலுள்ள தொழுநோய் மருத்துவமனையின் பாதப் பிரிவில் கழிக்கச் செய்வது அதிகச் செலவின்றி இயலக்கூடியது. அங்கு எஞ்சியுள்ள மூத்த பணியாளர்களின் கைத்திறன் அவர்களுடன் மறைவதற்கு முன்பே இது நடைபெற வேண்டும்.

நிர்வாகம் கவனிக்க வேண்டிய மற்றொன்று பதிவேடு. கட்டு அறையின் வழக்கமான நாட்பதிவேடு போடப்பட்ட கட்டுகளை எண்ணுகிறது. அழுத்தத்தை நீக்கி ஆறு வாரத்தில் ஆற்றப்பட்ட புண், வாரம் இருமுறை எனக் கொண்டால், பன்னிரண்டு கட்டுகளாகப் பதிவாகும். ஓராண்டாகியும் ஆறாத புண் நூற்றுக்கு மேற்பட்ட கட்டுகளாகப் பதிவாகும். மாத அறிக்கையில் இரண்டாவது அறையே சுறுசுறுப்பாகப் பணியாற்றியதாகத் தோன்றும். அடுத்த ஆண்டு பஞ்சும் துணியும் அதற்கே கூடுதலாக ஒதுக்கப்படும். புண் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தொடங்கிய நாள், வாராந்திர அளவு, ஆறிய நாள் அல்லது மேல்சிகிச்சைக்கு அனுப்பிய நாள் ஆகியவற்றை எழுதச் செய்தால் இக்குறை நீங்கும். மாவட்ட அதிகாரி ஆய்வுக்கு வரும்போது கட்டுகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக, எட்டு வாரத்துக்கு மேல் திறந்திருக்கும் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துக் காரணம் கேட்கலாம்.

ஆறிய நாளுடன் அப்பக்கம் மூடப்படுவதும் இல்லை. ஆறிய நீரிழிவுப் பாதப் புண்களுள் ஏறத்தாழ 40 விழுக்காடு ஓராண்டுக்குள் மறுபடி தோன்றுகின்றன. ஏனெனில் மரத்த பாதமும் பழைய செருப்பும் அப்படியே உள்ளன. தொழுநோய்த் திட்டத்தில் நுண்துளை ரப்பர் செருப்பு இலவசமாக வழங்கப்படுகிறது. அதே வகைப் பாதமுடைய நீரிழிவு நோயாளி பெரும்பாலும் அதைத் தம் செலவிலேயே வாங்க வேண்டியுள்ளது. ஆறிய பக்கத்தின் அடியில் மூன்று தேதிகளுக்கு இடம் விடுவது நலம்: செருப்பு கொடுத்த நாள், அது தேய்ந்து மாற்ற வேண்டிய நாள், பாதத்தை அடுத்துப் பார்க்கும் நாள். அந்நாளில் அவர் வராவிட்டால் ஊரிலுள்ள ஆஷா பணியாளர் வழியாகத் தகவல் அனுப்பி அழைக்கலாம்.